மகனுக்கு வைக்கும் பெயர், பேரனுக்கு 'சர்நேம்': உடும்பஞ்சோலை தமிழ்ப் பெற்றோர் பெயர் தேடும்போது எதைப் பார்க்கணும்?

அப்பா பெயர் முருகன். பையனுக்கு கார்த்திக் என்று வைக்கலாம் என வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. நட்சத்திரத்துக்கான எழுத்தும் பொருந்துது, நியூமராலஜி கூட்டலும் சரியா வருது. ஆனா இருபது வருஷம் கழித்து அந்தப் பையனின் பாஸ்போர்ட்டில் இருக்கப்போவது 'கார்த்திக் முருகன்'. ஒரே சாமியின் பெயர் இரண்டு தடவை. அதே பெயரில் அவனோடு இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

சர்நேமுக்குப் பொருத்தமான பெயர் தேடுவது பஞ்சாபியோ வங்காளியோ செய்கிற வேலை, நமக்குத்தான் சர்நேமே கிடையாதே என்று தோணலாம். உண்மையில் நமக்கும் இருக்கு. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுது, அவ்வளவுதான். உடும்பஞ்சோலை தாலுகாவின் ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களில் பலவும் போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து வந்தவை. முருகன், செல்வம், ராஜா, பாண்டி என்று அங்கே அப்பாக்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகள் படித்து கொச்சிக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போகும்போது, அந்தப் பெயர்கள்தான் சர்நேம் ஆகின்றன.

நம்ம இனிஷியலும் அவங்க இனிஷியலும்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த வழக்கம் தேய்ந்தபோது, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் முன்னால் நின்றது.

கேரளத்தில் இனிஷியலுக்குள் வேறு விஷயமும் இருக்கும். உடும்பஞ்சோலையின் எம்எல்ஏவாக இருந்த எம்.எம்.மணியின் முழுப்பெயர் முண்டக்கல் மாதவன் மணி. முதலில் வீட்டுப் பெயர், அடுத்து அப்பா பெயர், கடைசியில் சொந்தப் பெயர். வி.எஸ்.அச்சுதானந்தனின் 'வி'யும் வீட்டுப் பெயர்தான். அதனால் ஒரே ஊரில் இரண்டு மாதவன் மகன் மணி இருந்தாலும் வீட்டுப் பெயர் பிரித்துக்காட்டும். எஸ்டேட் லயத்தில் பிறந்த தமிழ்ப் பையனுக்கு அந்த வசதி இல்லை. அவனைப் பிரித்துக்காட்டும் வேலை முழுக்க அவன் சொந்தப் பெயரின் தலையில்தான் விழுது.

இதற்கு உலகமறிந்த உதாரணம் விஸ்வநாதன் ஆனந்த். விஸ்வநாதன் அவருடைய அப்பா. ஆனா வெளிநாட்டில் பலரும் அதையே அவர் பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். செஸ் உலகத்தின் பட்டியல்களிலோ ஆனந்த் சர்நேமாகவும் விஸ்வநாதன் முதல் பெயராகவும் வரும்.

அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது?

அப்பா பெயர் எவ்வளவு பொதுவானதோ, மகன் பெயர் அந்த அளவுக்கு அரிதாக இருக்கட்டும். முருகன், குமார், ராஜா என்ற பெயர்களோடு இன்னொரு பொதுப் பெயர் சேர்ந்தால் மின்னஞ்சல் முகவரி கிடைப்பதே கஷ்டம். அரிது என்பதற்காக வாயில் நுழையாத பெயர் வேண்டாம். அருள்மொழி முருகன், நிலவன் செல்வம் போல இருந்தாலே போதும். 'சிவ கார்த்திக்' என்று நடுவில் இடம்விட்டு எழுத வேண்டாம். ஏதாவது ஒரு படிவத்தில் 'சிவ' முதல் பெயராகவும் 'கார்த்திக்' சர்நேமாகவும் உடையும். சேர்த்தே எழுதுங்க.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. நீங்க இன்று வைக்கும் பெயர் ஒருநாள் உங்கள் பேரன் பேத்தியின் சர்நேம் ஆகும். 'குட்டி', 'தம்பி' என்று செல்லமாக முடியும் பெயர்களை அந்தக் கோணத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்க.

பாண்டி என்ற பெயர்

மதுரை, தேனி பக்கம் பாண்டி, முத்துப்பாண்டி, பாண்டியன் எல்லாம் மரியாதையான பெயர்கள். பாண்டி முனீஸ்வரரை வேண்டி வைப்பதும் உண்டு. மலை ஏறி கேரளத்துக்குள் போனால் 'பாண்டி' என்பது தமிழரை இளக்காரமாகச் சொல்லும் சொல். அப்பா பெயர் பாண்டி என்றால், பள்ளியில் மகனின் பெயர் வாசிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது கூட வரும்.

அதற்காக அப்பா பெயரை மாற்றச் சொல்ல மாட்டேன். கேலி செய்பவர்தான் மாற வேண்டும். ஆனா மகன் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைப்பதில் தப்பில்லை. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருள் தரும் பெயரை முதலில் வைத்தால், அவன் பெயரையாவது வகுப்பில் எல்லாரும் எளிதாகச் சொல்வார்கள். 'கதிர்' இரண்டு மொழியிலும் நெற்கதிர்தான். 'அறிவு' அங்கும் அறிவுதான்.

போடியில் பிறந்தால் தமிழ், நெடுங்கண்டத்தில் பிறந்தால் மலையாளம்

பிறப்பு எந்த ஊரில் நடக்கிறதோ அங்கேதான் பதிவு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் போடியில் பிறந்த மூத்தவனுக்குத் தமிழும் ஆங்கிலமும் உள்ள சான்றிதழ். நெடுங்கண்டத்தில் பிறந்த இளையவனுக்கு மலையாளமும் ஆங்கிலமும். ஒரே அப்பாவின் பெயர் இரண்டிலும் வேறுவேறு எழுத்துக்கூட்டலில் ஏறிவிட்டால், பின்னாளில் அண்ணன் தம்பிக்கு வேறுவேறு சர்நேம்.

மகன் பெயரிலும் இதே சிக்கல். தமிழில் 'க' ஒன்றுதான், மலையாளத்தில் அந்த வரிசையில் நான்கு எழுத்து. முகிலனை ஆங்கிலத்தில் ஒருவர் 'கே' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'ஜி' போடுவார். இளங்கோ 'ஐ'யில் தொடங்குமா 'இ'யில் தொடங்குமா என்பதும் எழுதுகிறவரைப் பொறுத்தது. பெயர் முடிவானதும் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்க. வாயால் சொல்ல வேண்டாம்.

பாஸ்போர்ட் என்ன கேட்கும்?

இனிஷியலை பாஸ்போர்ட் ஏற்காது, விரித்துத்தான் எழுதணும். ஒற்றைப் பெயர் மட்டும் போதும் என்றால் பாஸ்போர்ட் படிவத்தில் அது முதல் பெயர்க் கட்டத்தில் போகும். பான் கார்டு படிவத்திலோ கடைசிப் பெயர்க் கட்டத்தில் போகும். அமெரிக்க விசாவில் முதல் பெயர் காலியாக இருந்தால் 'எஃப்என்யு' என்று அச்சாகும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் வருவோரை அனுமதிக்க முடியாது என்றது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்ற தளர்வு பிறகுதான் வந்தது. அப்பா பெயரைச் சேர்த்து இரண்டு பெயராக வைப்பதே பாதுகாப்பு.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம். அப்பா பெயர் பாலசுப்பிரமணியன் என்றால் ஆங்கிலத்தில் 15 எழுத்து, நடுவில் 2 குறி, மகனுக்கு மிச்சம் 22. அப்பா பெயர் நீளம் என்றால் மகன் பெயர் சின்னதாக இருப்பது நல்லது.

எப்போது பதியணும்?

பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை, பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். அவசரத்தில் எதையோ வைப்பதைவிட இந்த ஓராண்டைப் பயன்படுத்திக்கொள்வது மேல். 2023 அக்டோபர் 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாக பாஸ்போர்ட் அலுவலகம் கேட்பது பிறப்புச் சான்றிதழை மட்டும்தான். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. எனவே சான்றிதழை வாங்கும்போது குழந்தையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீங்க. கீழே அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் அவருடைய ஆதாரில் உள்ளது போலவே இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்க.