விரலின் கப்பிகளும் கொழுந்தின் கணக்கும்

மலையகத்தின் வரலாறு பெரும்பாலும் ஏக்கர்க் கணக்காலும் இறாத்தல் கணக்காலும் எழுதப்பட்டதாகும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டுப் பறித்த கொழுந்தின் நிறைக்குக் கணக்கு உண்டு. பறித்த விரலுக்குக் கணக்கு இல்லை. அவ்விரலை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றை நோர்வூட்டில் நின்று நோக்குவோம்.

விரலை வலிமையுடன் மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையிலே உள்ளன. அங்கிருந்து வரும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, விரலெலும்பை ஒட்டிய உறையொன்றினுள் ஓடுகின்றன. வளையமாக ஐந்தும் குறுக்காக மூன்றுமாய் அமைந்த நார்ப்பட்டைகள் அந்நாண்களை எலும்போடு அணைத்து நிற்கின்றன. இவையே கப்பிகள் எனப்படுவன. இவற்றுள் முதன்மையான இரண்டாம், நான்காம் வளையங்கள் சிதைந்தால், விரலை மடக்குகையில் தசைநாண் வில்நாண் போல எலும்பை விட்டு விலகி எழும், பிடி தளரும்.

1543இல் வெளிவந்த வெசேலியசின் உடற்கூற்று நூலில் அவரது உருவப்படம் உண்டு. அதில் அவர் காட்டி நிற்பது அறுத்துத் திறந்த கையின் தசைநாண்களையே. 1850இல் பிரெஞ்சு மருத்துவர் நொத்தா, மடங்கிய விரல் நிமிராது சிக்கிக்கொள்ளும் நோயை விவரித்தார். 1975இல் டொயிலும் பிளைத்தும் கப்பிகளைத் தனித்தனியே வகுத்து விளக்கினர்.

என் அம்மாயி நோர்வூட் மலைகளில் நெடுங்காலம் கொழுந்து பறித்தவர். பெருவிரலும் சுட்டுவிரலும் தளிரைக் கிள்ள, ஏனைய விரல்கள் பறித்ததைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கும்; கை நிறைந்த பின்னரே கொழுந்து கூடைக்குப் போகும். முதுமையில், விடியற்காலைகளில் அவரது மோதிரவிரல் மடங்கியே கிடக்கும். மற்றக் கையால் நிமிர்த்துவார். 'டக்'கென்று ஓர் ஒலி எழும். "குளிரு புடிச்சிருச்சு" என்பார். அது குளிரன்று. விரலடியிலுள்ள முதல் வளையம் தடித்து, நாண் இடறும் நோயே அது.

இந்நோய் பெண்களிடத்தும் நீரிழிவு உடையோரிடத்தும் மிகுதி. ஓயாது இறுகப் பற்றும் தொழிலும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. ஆதலின் அம்மாயியின் விரலுக்குக் கொழுந்தே காரணமெனத் துணிந்துரைக்க இயலாது. ஆனால் அவ்வினாவை அவரிடம் எவரும் எழுப்பவில்லை என்பதை உரைக்கலாம். செக்றோலில் அவருக்கு முழுப்பேர் விழுந்தது. விரலைக் குறிக்க அதில் நிரல் இருக்கவில்லை. அந்நிரலை வரைவது வரலாறு பயிலும் நமது கடனாகும்.