மைட்டாசிஸ்

மைட்டாசிஸ் அல்லது இழையுருப் பிரிவு என்பது, ஒரு செல்லின் உட்கரு பிரிந்து, ஒரே மரபுத் தகவலைக் கொண்ட இரு சேய் உட்கருக்கள் உருவாகும் நிகழ்வாகும். உடல் வளர்வதும், காயம் ஆறுவதும், தேய்ந்து உதிரும் தோல் செல்களுக்கு ஈடாகப் புதியவை தோன்றுவதும் இதனால்தான். ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டர் இளவுயிரிகளின் செல்களுக்குச் சாயமேற்றி இப்பிரிவை ஆராய்ந்து, 1882இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார்.

ஆயத்தம்

பிரிவுக்கு முந்தைய இடைநிலையில் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது. மனித உடல் செல்லிலுள்ள 46 குரோமோசோம்களில் ஒவ்வொன்றும் அப்போது குரோமாட்டிடுகள் எனப்படும் இரு ஒத்த நகல்களைப் பெறுகிறது. இவ்விணையைக் கொஹீசின் என்னும் புரதம் சேர்த்துப் பிடித்திருக்கும். ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல்லின் சுழற்சி ஏறத்தாழ 24 மணி நேரம். அதில் மைட்டாசிஸுக்கு ஆவது சுமார் 1 மணி நேரமே.

நிலைகள்

புரோஃபேஸ்: நூல்போல் பரவிக் கிடந்த குரோமாட்டின் சுருண்டு தடித்து, குரோமோசோம்களாகத் தெரிகிறது. உட்கருவினுள் இருக்கும் நியூக்ளியோலஸ் மறைகிறது. நுண்குழல்களால் ஆன கதிர் அமைப்பு உருவாகத் தொடங்குகிறது. இந்நிலையின் முடிவில் உட்கரு உறை சிதைய, கதிர் இழைகள் குரோமோசோம்களைப் பற்றுகின்றன. அவை பற்றுமிடம், குரோமாட்டிடுகள் இணையும் பகுதியான சென்ட்ரோமியரின் மேலுள்ள கைனட்டோகோர்.

மெட்டாஃபேஸ்: எதிரெதிர்த் துருவங்களின் இழுவிசை சமமாகி, குரோமோசோம்கள் செல்லின் நடுத்தளத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றை எண்ணவும் வடிவத்தை ஒப்பிடவும் ஏற்ற நிலை இதுவே.

அனாஃபேஸ்: செப்பரேஸ் நொதி கொஹீசினை வெட்டியதும் குரோமாட்டிடுகள் பிரிந்து, எதிர்த் துருவங்களை நோக்கி நகர்கின்றன. சென்ட்ரோமியர் முன்செல்ல, கைகள் பின்தொடர்கின்றன.

டீலோஃபேஸ்: இரு தொகுதிகளையும் சுற்றிப் புதிய உட்கரு உறை அமைகிறது. குரோமோசோம்கள் தளர்கின்றன, நியூக்ளியோலஸ் மீண்டும் தோன்றுகிறது.

இதையொட்டி சைட்டோபிளாசமும் பிரிகிறது. விலங்குச் செல்லில் ஆக்டின் வளையம் இறுகி நடுப்பகுதியை ஒடுக்குகிறது. தாவரச் செல்லிலோ நடுவில் செல் தட்டு உருவாகிப் புதுச்சுவராகிறது.

கட்டுப்பாடு

பங்கீடு பிழையின்றி நடப்பதற்கு மெட்டாஃபேஸின் முடிவிலுள்ள சோதனைப்புள்ளி இன்றியமையாதது. ஒரேயொரு கைனட்டோகோர் இழையுடன் இணையாதிருந்தாலும் அனாஃபேஸ் தாமதமாகும். பங்கீடு தவறினால் சேய் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை கூடும் அல்லது குறையும். புற்றுநோய்ச் செல்களில் இக்குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது.

நுண்குழல்களைத் தடுக்கும் பொருள்கள் பிரிவையே நிறுத்திவிடும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் உள்ள கோல்ச்சிசின் அத்தகையது. மனிதரின் குரோமோசோம்கள் 46 என்பதை 1956இல் வெளியிட்ட ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவன் ஆகியோர், செல்களை மெட்டாஃபேஸில் நிறுத்த இதையே பயன்படுத்தினர். நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டினும் இவ்வகையில் செயல்பட்டு, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது.