கையும் ஒரு நாவே

மனிதன் நாவினால் மட்டுமே பேசுகிறான் என்று எண்ணுவது நம் வழக்கம். மேற்கு மாம்பலம் ஸ்டேஷன் ரோட்டில் சற்றே நின்று நோக்கினால் அவ்வெண்ணம் மாறும். கைப்பேசியில் வழி சொல்பவர், மறுமுனையில் இருப்பவர் தம்மைக் காணமாட்டார் என்று அறிந்தும், துரைசாமி சுரங்கப்பாதை இருக்கும் திசையைக் கையால் சுட்டியே பேசுகிறார். அந்தக் கை யாருக்காக அசைகிறது?

பிறவியிலேயே பார்வையற்றோரும் பேசுகையில் கையசைக்கின்றனர். கேட்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தபோதும் அவ்வாறே செய்கின்றனர். ஐவர்சன், கோல்டின் மெடோ என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் இதனை வெளியிட்டனர். கை கேட்போருக்காக மட்டும் அசைவதன்று; பேசுவோரின் சிந்தனைக்கும் அது துணை என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஜகரிய்யா நபி (அலை) மூன்று நாட்கள் சைகையால் பேசியதும், மர்யம் (அலை) குழந்தையைச் சுட்டி மறுமொழி தந்ததும் திருக்குர்ஆன் வழி நாம் அறிந்தவை. பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிள் (இறப்பு 869), கருத்தை விளக்கும் வழிகள் ஐந்து என வகுத்தார்: சொல், சைகை, விரற்கணக்கு, எழுத்து, பொருளின் நிலை. சைகைக்கு அவர் அளித்த இடம் சொல்லுக்கு அடுத்ததாகும்.

வணிகரும் இதனை அறிந்திருந்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டிற்கு வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமா, துணிக்கடியில் விரல் தொட்டு விலை பேசும் தரகர்களைப் பற்றி எழுதினார். நம் மாட்டுச் சந்தைகளின் துண்டு பேரமும் அதே வகையினது.

இத்துணைச் சிறப்புடைய கை மொழிக்கு ஒரு காலத்தில் தடை வந்தது. 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்கத் தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் குழந்தைகள் சைகை செய்வது குற்றமாயிற்று. சைகை மொழிக்கும் முறையான இலக்கண அமைப்பு உண்டு என்று 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டோக்கோ நிறுவினார். ஆயினும், மிலான் தீர்மானங்களைக் கல்வியாளர் மாநாடு கைவிட 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தொடர்பு முறைகளுள் ஒன்றாக ஏற்றது.

சட்டம் ஏற்றால் போதுமா? செவித்திறன் இல்லாத ஒரு குழந்தை வீட்டில் இருக்குமானால், அதன் மொழியைத் தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் கற்க வேண்டாமா? நூறு பேர் கூடிய பந்தியிலும் பேச ஆளின்றி அமர்ந்திருக்கும் பிள்ளையின் தனிமையைச் சட்டம் போக்காது. நம் விரல்களே போக்கும்.