தெருவைத் திருப்பிக் கேட்ட சிறுவர்

காலைக் கூட்டத்திலே வீதி ஒழுங்கு பற்றி அறிவுரை கூறாத ஆசிரியர் நம்மிடையே இலர். "இருபுறமும் பார்த்துக் கடவுங்கள், ஓரமாகச் செல்லுங்கள், வீதியில் விளையாடாதீர்கள்" என்று நாமும் எத்தனையோ முறை கூறியிருக்கிறோம். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் வடபுலத்துப் பெருவீதிகள் பல அகலமாக்கப்பட்டு, சனங்கள் 'காபெற் றோட்டு' என்று சொல்லும் வழவழப்பான வீதிகளாயின. பல்லாண்டு காலம் பள்ளத்திலும் புழுதியிலும் பயணஞ் செய்தவர் எவரும் அதனை வெறுக்கவில்லை. ஆனால் அவ்வீதிகளின் ஓரத்திலேதான் நம் பாடசாலைகள் நிற்கின்றன. அவற்றுக்குப் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் வருகின்றனர். இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதிகளில் உயிரிழக்கின்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் கால்நடையாகச் சென்றவர்கள். ஒவ்வொரு மரணத்தின் பின்பும் நமது காலைக்கூட்ட அறிவுரை சற்று நீளுகின்றது, அவ்வளவே. சென்ற தவணையில் அத்தகைய அறிவுரை ஒன்றின் முடிவில், ஏழாம் வகுப்பு மாணவியொருத்தி எழுந்து, "நாங்கள் பாத்துத்தான் கடக்கிறம் சேர், அவை ஏன் பாத்து வாறேல்லை?" என்று கேட்டாள்.

அன்று நாம் தக்க விடை கூறவில்லை. விடை தேடிப் புகுந்தபோதுதான், 'கவனமாயிரு' என்னும் அந்தப் பாடத்துக்கே ஒரு வரலாறு உண்டென்பதும், அதனை முதலில் எழுதியவர்கள் ஆசிரியர்கள் மட்டுமல்லர் என்பதும் புலனாயின.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அமெரிக்க நகரத் தெரு, நடப்பவர்க்கும் குதிரை வண்டிக்கும் தள்ளுவண்டி வியாபாரிக்கும் விளையாடும் குழந்தைக்கும் பொதுவாக இருந்தது. மோட்டார் வண்டி அதிற் பிந்தி வந்த விருந்தாளி. விருந்தாளி குழந்தைகளைக் கொல்லத் தொடங்கியபோது ஊரார் சீற்றம் இயல்பாகவே அவன்மேற் பாய்ந்தது. பத்திரிகைகள் மோட்டாரைக் கூற்றுவனாகச் சித்திரம் வரைந்தன. வீதியில் மாண்ட குழந்தைகளுக்கெனப் போல்ற்றிமோர் நகரத்தார் 1922இல் நினைவுத்தூண் ஒன்றெழுப்பினர். அடுத்த ஆண்டு சின்சினாற்றி நகரிலே நாற்பத்தீராயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரு விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர். நகருள் ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் மணிக்கு 25 மைலுக்கு மேற் போகவிடாத கருவி பூட்டப்படவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. மோட்டார் வியாபாரிகள் விழித்துக்கொண்டனர். வேகமே தமது சரக்கு என்பதை அவர்கள் நன்கறிவர். பணத்தையும் பிரசாரத்தையும் வாரியிறைத்து, அவ்வாண்டு நவம்பர் மாத வாக்கெடுப்பில் அதனைத் தோற்கடித்தனர்.

தோற்கடித்ததோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. குற்றம் யார்மீது என்ற வினாவையே மாற்றியமைப்பதில் முனைந்தனர். இங்கே ஒரு சொல் நமது கவனத்துக்குரியது. தெருவைத் தன் விருப்பப்படி கடப்பவனுக்கு 'ஜேவோக்கர்' என்று பெயரிட்டனர். 'ஜே' என்பது அந்நாட்டு வழக்கில் நகரத்து நாகரிகம் அறியாத பட்டிக்காட்டானைக் குறிக்கும் ஏளனச் சொல். காலங்காலமாக நடந்துவந்த நடையே நாட்டுப்புறத்தான் நடையென எள்ளி நகையாடப்பட்டது. 1925இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் தெருவைக் கடக்கும் இடத்தையும் விதத்தையும் சட்டமாக்கியது; பிற நகரங்கள் அதனைப் பின்பற்றின. மோட்டார்ச் சங்கங்கள் பாடசாலைக்குள்ளும் புகுந்தன. மாணவர் வீதிப் பாதுகாப்பு அணிகளுக்கும் பாதுகாப்புப் பாடங்களுக்கும் அச்சங்கங்களே பெரும் ஆதரவு நல்கின. அவர்கள் தந்த பாடம் குழந்தைகளிற் பலரைக் காத்திருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் தெரு யாருக்குரியது என்ற வழக்கை அப்பாடம் சத்தமின்றித் தீர்த்துவைத்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

நம் மொழியிலும் இதன் சாயல் உண்டு. 'விபத்து நேர்ந்தது' என்று எழுதுகிறோம். இலக்கணப்படி அவ்வாக்கியத்தில் விபத்தே எழுவாய். மோதியவன் வாக்கியத்துக்குள் வருவதேயில்லை. இடியும் மின்னலும் போல அதுவும் தானாக நேர்ந்துவிடுகிறது!

அமெரிக்காவிலே தோற்ற அவ்வழக்கு, அரை நூற்றாண்டு கழித்து ஐரோப்பாவின் ஒரு சிறு நாட்டில் மீண்டும் எடுக்கப்பட்டது. அந்த நாடு நெதர்லாந்து. ஒன்றரை நூற்றாண்டுக்கு நமது கரையோரத்தை ஆண்ட அதே ஒல்லாந்து. யாழ்ப்பாணத்துக் கோட்டையையும் 1707ஆம் ஆண்டுத் தேசவழமைத் தொகுப்பையும் கொண்டு அவர்களை அறிந்த நாம், அவர்களுடைய நாட்டின் சாதாரண மக்களைப் பற்றி அறிந்தது மிகச் சொற்பம்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அந்நாட்டிற் செல்வம் பெருகியது, கார்களும் பெருகின. ஆம்ஸ்ரடாமின் புகழ்பெற்ற கால்வாய்களிற் சிலவற்றை நிரவி வீதியாக்கலாமென்று 1950களின் நடுப்பகுதியில் அந்நகரப் பொலிஸ் தலைவரே யோசனை கூறினார். 1967இல் டேவிட் ஜோகினன் என்னும் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியியலாளர், கார்த் துறையினரின் ஆதரவுடன், நகரின் நடுவே பெருவீதிகளைக் கொண்டுவரும் திட்டமொன்றை வெளியிட்டார். அத்திட்டம் இடிக்கச் சொன்ன பகுதிகளில் ஒன்று டி பைப். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கட்டப்பட்ட, ஒடுங்கிய தெருக்களும் நெருங்கிய வீடுகளும் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு அது. செல்வர் வாழும் பகுதியை இடித்து வீதி போடும்படி திட்டங்கள் ஏனோ கூறுவதில்லை. திட்டம் நிறைவேறவில்லை என்றாலும், கார்கள் அதற்காகக் காத்திருக்கவுமில்லை. 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டு வீதிகளில் ஆண்டுக்கு 3,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். 1971இல் மாண்டவருள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

1972இல் டி பைப்பின் சிறுவர்கள் எழுந்தனர். அந்நிகழ்ச்சி அக்காலத்திலேயே படமாக்கப்பட்டது. விளையாட இடமில்லை, இரு மருங்கும் நிறுத்திய கார்கள், நடுவே விரையும் கார்கள். பாடசாலைப் பிள்ளைகள் தமது தெருவைக் கார்களுக்கு மூடவேண்டுமெனக் கேட்டுக் கையொப்பம் திரட்டினர். பின்னர் தாமே தெருவின் குறுக்கே தடுப்புகளை நிறுத்தினர். சினங்கொண்ட காரோட்டிகள் தடுப்பை இழுத்தெறிய முனைந்தபோது பெரியவர்களும் இறங்கிவந்து பிள்ளைகளின் பக்கம் நின்றனர். எட்டும் பத்தும் வயதான பிள்ளைகள், தெரு எமக்கும் உரியதென்று வளர்ந்தவர்களின் முகத்துக்கு நேரே கூறிய அக்காட்சியிலே அன்று அந்நாட்டின் மனச்சாட்சி சற்று அசைந்தது எனலாம்.

அதே ஆண்டு செப்டெம்பரில் விக் லாங்கன்ஹொப் என்ற பத்திரிகையாளர் 'டி டைட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தமது குழந்தையை வீதியிற் பறிகொடுத்தவர். கட்டுரையின் தலைப்பு: 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. விபத்து என்று அவர் எழுதவில்லை. கொலை என்றார். கொலை என்ற சொல், செய்பவன் ஒருவனை வேண்டிநிற்பது. அதனை அனுமதிக்கும் ஓர் ஒழுங்கையும் வேண்டிநிற்பது. அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதற்தலைவி மார்ச்சே வான் புற்றன் என்னும் இளம்பெண். பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். இயக்கத்தார் ஆபத்தான சந்திகளை மறித்தனர். தெருக்களை ஒருநாள் மூடிப் பிள்ளைகளை விளையாட விட்டனர். மேசைகளை நடுத்தெருவில் இழுத்துப்போட்டு அயலார் எல்லோரும் ஒருங்கிருந்து உணவுண்டனர். தொழிற்கட்சிப் பிரதமர் யோப் டென் அய்லின் வீட்டுக்குப் பிள்ளைகளோடு பாட்டும் இசையுமாகச் சென்று பாதுகாப்பான தெருக்களைக் கேட்டனர். பிரதமரும் வெளியே வந்து செவிமடுத்தார். நாளடைவில் அரசாங்கமே அவ்வியக்கத்துக்கு மானியம் வழங்கியது.

மக்கள் எழுச்சி மாத்திரமே யாவற்றையும் சாதித்தது என்று எழுதிவிட நமக்கு ஆசைதான். ஆனால் பொருளாதாரச் சூழலை விட்டுவிட்டு வரலாறு எழுதுதல் முறையன்று. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் 4ஆந் திகதி முதல் ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டுதல் தடைசெய்யப்பட்டது. பெருவீதிகளிற் பிள்ளைகள் சறுக்குச் சில்லுகளில் ஓடினர். கார் இல்லாத நகரம் எப்படியிருக்கும் என்பதை, அதுவரை கற்பனை செய்யவும் மாட்டாதிருந்தவர்கள் தம் கண்ணாற் கண்டனர். அந்த ஞாயிறுகள் இல்லாதிருப்பின் இயக்கத்தின் குரல் இத்துணை விரைவில் எட்டியிராது. இயக்கம் இல்லாதிருப்பின், எண்ணெய் மீண்டதும் அந்த ஞாயிறுகளும் மறக்கப்பட்டிருக்கும்.

கேட்டதைக் கொடுக்க ஒரு வடிவமும் வேண்டியிருந்தது. அது டெல்ப்ற் நகரத்துப் பழைய குடியிருப்புகளில் 1960களின் இறுதியிலிருந்தே உருவாகிக்கொண்டிருந்தது. யோஸ்ற் வால் என்னும் நகரப் பொறியியலாளர் அங்கு வேகத்தை முறிக்கும் திட்டுகளையும் வளைவுகளையும் பரீட்சித்துப் பார்த்தார். நடைபாதைக்கும் வீதிக்கும் இடையிலான உயர்வு தாழ்வு நீக்கப்பட்டது. தெருவிலே மரமும் இருக்கையும் வந்தன. நேராக ஓடிய வழி முடக்கு முடக்காக வளைந்தது. வேகமாக ஓட்டாதே என்று பலகை நாட்டுவதற்குப் பதிலாக, வேகமாக ஓட்ட முடியாதபடி தெருவே அமைக்கப்பட்டது. அதன் பெயர் 'வோன்எர்ப்'. 'வோன்' என்பது வாழ்தல்; 'எர்ப்' என்பது வீட்டைச் சூழ்ந்த நிலம். யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்கவேண்டிய தேவையில்லை: வளவு! 1976இல் இவ்வளவுத் தெருக்கள் சட்ட அங்கீகாரம் பெற்றன. அங்கே நடப்பவர் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், குழந்தைகள் விளையாடலாம், கார் நடைவேகத்தில் ஊர்ந்துதான் செல்லவேண்டும். அமெரிக்கா அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய தீர்ப்பு ஒரு சில தெருக்களிலாயினும் தலைகீழாக்கப்பட்டது.

ஒரு சில தெருக்களில் என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். வளவுத் தெரு செலவு மிக்கது. எல்லாத் தெருக்களையும் அவ்வாறு மாற்றியமைக்க நகரசபைகளால் இயலவில்லை. எனவே 1983இல், மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாத குடியிருப்பு வலயங்கள் என்னும் மலிவான வழி வந்தது. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்கள் இவ்வெண்ணின் பொருளை அறிவர்: 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதும் காரின் ஆற்றல், 30இல் மோதும் அதே காரின் ஆற்றலைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. இன்று நெதர்லாந்தின் வீதிகளில் ஆண்டுக்கு 600க்கும் 750க்கும் இடைப்பட்டோர் மடிகின்றனர். வாகனங்கள் பன்மடங்கு பெருகியும் எண்ணிக்கை இத்துணை குறைந்தது பெருஞ்சாதனையே. ஆயினும் மாண்டவருள் சைக்கிளில் வந்த முதியோர் பலர் என்பதால் அங்கும் வழக்கு முடிந்துவிடவில்லை.

வேலையின்மையும் விலையேற்றமும் நிற்கையில் தெருவும் கடவையும் நடுத்தர வர்க்கத்தாரின் கவலையல்லவா என்று இடதுசாரி நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். காரில் இருப்பவன் யார், காரின் முன்னே நடப்பவன் யார் என்று நம்மூரில் ஒரு காலைப்பொழுது சந்தியில் நின்று பார்க்கும்படி அவரை அழைத்தோம். மீன்கூடையோடு செல்பவள், தோட்டக் கூலிக்குப் போகிறவர், இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்கு வரும் பிள்ளை. நண்பர் வந்தார், அரை மணித்தியாலம் நின்றார். பாடசாலை வாயிலிற் கடவையின் மஞ்சட் கோடுகள் தேய்ந்துபோயிருந்தன. அவற்றை மீண்டும் தீட்டித் தரவும் வாயிலின் முன் வேகத்தடை இடவும் கேட்டுப் பெற்றோரும் நாமும் எழுதிய விண்ணப்பத்தில் அவரும் கையொப்பமிட்டார். அந்த ஏழாம் வகுப்பு மாணவி, பிள்ளைகளும் கையொப்பமிடலாமா என்று கேட்டாள். தாள் போதவில்லை, கொப்பியிலிருந்து இன்னும் நான்கு தாள்கள் கிழித்து இணைத்தோம்.

2023 டிசெம்பரில் ஆம்ஸ்ரடாம் மாநகரம் தனது வீதிகளிற் பெரும்பாலானவற்றில் 30 கிலோமீற்றரையே உச்ச வேகமாக விதித்தது. 1972இல் டி பைப்பின் தெருவை மறித்துநின்ற சிறுவர்களுக்கு அப்போது வயது அறுபதை எட்டியிருந்தது.