உடும்புத் தோலும் நான்கு காசுகளும்

குடுமியான்மலைப் பாறையிலே ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில் கிரந்த எழுத்தால் ஸ்வரக் கோவைகளைப் பொறித்து வைத்த புதுக்கோட்டைச் சீமை, பல நூற்றாண்டுகள் கழிந்தபின், கல்லினும் எளியதான ஒரு பல்லியினத்துப் பிராணியின் தோலை நம்பித் தன் லய ஞானத்தை அதில் நிலைநாட்டிற்று என்பது எனக்குப் பெருவியப்பாகவே இருந்து வருகிறது.

கஞ்சிரா என்பது சாணளவுக்கு மிகாத பலாமர வளை. அதன் ஒரு முகத்தில் மட்டும் உடும்புத் தோல். மரத்தைக் குடைந்த துவாரத்திலே மூன்று நான்கு காசுகள். மிருதங்கத்தில் வாரை இறுக்கவும் தளர்த்தவும் வழியுண்டு. இதற்கோ அத்தகைய உபாயம் ஏதுமில்லை. முறுகி நிற்கும் தோலின் உட்புறத்திலே வித்வான் நீரைத் தடவி, அது ஊறும்வரை பொறுத்திருந்து சுருதியை இறக்குகிறார். கச்சேரி நடக்கையிலே ஈரம் உலரும், நாதம் மீண்டும் மேலேறும், அவர் மீண்டும் தடவுவார். இடக்கை வளையைத் தாங்கியபடியே விரலால் தோலை அழுத்தி ஒலியை வளைக்க, தட்டும் வேலை முழுவதும் வலக்கை ஒன்றுக்கே விதிக்கப்பட்டது.

  கஞ்சிராவில் தோலே குரல்.

பஜனைக் கோஷ்டிகளிலே தாளத்துக்குத் துணையாய் நின்ற இத்தகைய வளைக் கருவிக்குக் கச்சேரி மேடையில் ஆசனம் அளித்த மகான், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1857–1922). தவில் பயின்று, அதன் கணக்கு வழக்குகளிலே ஊறிய அவருடைய மனோதர்மம், இரு கைகளும் ஒரு கோலும் வேண்டிய சொற்கட்டுகளை ஒரே உள்ளங்கைக்குள் ஒடுக்கியது. வளையைக் கண்டவர் அவரென்று சொல்வதைவிட, அதற்கு வாக்கு அளித்தவர் என்பதே எனக்குப் பொருத்தமாய்த் தோன்றுகிறது. சிஷ்யர் தக்ஷிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்தையும் கஞ்சிராவையும் சமமாய் ஆண்டார். மற்றொரு சிஷ்யரான பழனி முத்தையா பிள்ளையின் புதல்வர் சுப்பிரமணிய பிள்ளை வழியாக அந்தப் பாணி நாடெங்கும் பரவியது.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பும் இடம்பெற்றது. அது நியாயமே. இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வளைமேல் ஏறியிருக்கின்றன. செயற்கைத் தோல் நீரைக் குடிப்பதில்லையாதலால், வாசிக்கத் தொடங்குமுன் வித்வான் அருகில் வைத்துக்கொள்ளும் அந்தச் சிறு கிண்ணத்துக்கும் அங்கே வேலையில்லை.