பிச்சாவரம்: படகு சவாரிக்குப் பின்னால் ஒரு வரலாறு

பிச்சாவரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது படகு சவாரிதான். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த அலையாத்திக் காடு. 'இதயக்கனி' (1975), 'தசாவதாரம்' (2008) படங்களிலும் இந்தக் கால்வாய்களைப் பார்க்கலாம். மோட்டார் படகுகள் அகலமான கால்வாய்களோடு நின்றுவிடும். துடுப்புப் படகில் போனால்தான் வேர்கள் கூரையாக வளைந்த குறுகிய கால்வாய்களுக்குள் நுழைய முடியும்.

இந்தக் காட்டுக்கும் சிதம்பரத்துக்கும் பழைய உறவு உண்டு. நடராஜர் கோயிலின் தல விருட்சமான தில்லை மரம்தான் ஊருக்கே 'தில்லை' என்ற பெயரைக் கொடுத்தது. அந்த மரம் இன்று காடாக வளர்வது பிச்சாவரத்தில்தான்! அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

ஆனால் இந்தக் காடு ஒருமுறை அழிவின் விளிம்புக்கே போய் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு. நடந்தது வேறு. நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து, மண் அமுங்கித் தட்டு போலக் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியானது. உப்பு மட்டும் தங்கியது. அந்த மண்ணில் கன்றுகள் பிழைக்கவில்லை. பழியோ ஆடுமாடு மேய்த்து விறகு பொறுக்கிய ஊர்க்காரர்கள் மேல் விழுந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அதே ஊர்க்காரர்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்களை வெட்டின. ஓதநீர் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது. கால்வாய்க் கரைகளில் நட்ட கன்றுகள் மரங்களாயின.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. காட்டுக்கு முன்னால், கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையும் மரங்கள் தந்த பாதுகாப்பைச் சுட்டிக்காட்டியது. அலையை ஆற்றுவதால் 'அலையாத்தி' என்பார்கள். பெயர் பொய்யாகவில்லை.

2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் கொள்ளிடத்தில் நன்னீர் வரத்து குறைந்தால் இங்கே உப்பு ஏறும். அடுத்த முறை படகில் ஏறுபவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளட்டும். படகு மிதக்கும் அந்தத் தண்ணீர்தான் காட்டின் உயிர்!