அரிவாள்மணையும் வெங்காயமும்

சமையற்கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உப்பு, புளி, காரம் ஆகியவற்றின் விகிதத்தையும் அடுப்பின் பக்குவத்தையும் விஸ்தாரமாக வர்ணிப்பார்களேயன்றி, அவற்றுக்கெல்லாம் முந்திய காரியமாகிய நறுக்குதலைப் பற்றி அதிகமாக வாய் திறப்பதில்லை. ஆனால் வெங்காயம் ஒரே அளவில் விழாத வாணலியில், சிறு துண்டுகள் கருகிக் கசந்துவிட்ட பிறகும் பெரிய துண்டுகள் பச்சை வாசனை போகாமல் நிற்கும். அந்தத் தோஷத்தை எந்த மசாலாவும் நிவர்த்தி செய்வதில்லை. அளவு பிசகாமல் அரியும் அந்த வித்தையைத் தமிழ்நாட்டு அடுக்களைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது அரிவாள்மணை.

கொல்லன் அடித்துக் கொடுத்த வளைந்த இரும்பு அலகைத் தச்சன் இழைத்துக் கொடுத்த கனத்த மணையில் பொருத்தியிருப்பதே அதன் ஸ்வரூபம். அலகின் நுனியில் தேங்காய் துருவும் பற்கள் அமைந்திருப்பதும் உண்டு. தரையில் உட்கார்ந்து மணையை ஒரு காலால் அழுத்திக்கொண்டால் இரண்டு கைகளும் காய்க்கே உரியவையாகிவிடுகின்றன. கத்தியில் காய் அசையாமல் கிடக்க, ஆயுதம் நகர்கிறது. அரிவாள்மணையிலோ ஆயுதம் அசையாமல் நிற்க, காய் நகர்கிறது. அடுப்பு முதல் அம்மி வரை அனைத்தும் தரையிலேயே இருந்த அடுக்களைக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை. ஆதலால் இது தமிழருக்கு மாத்திரம் பிரத்தியேகமானதன்று. தெலுங்கர் கத்திப்பீட்ட என்றும், கன்னடியர் ஈளிகெமணெ என்றும், மராட்டியர் விளி என்றும், வங்காளிகள் போண்ட்டி என்றும் சொல்லுவது இதன் உறவினத்தையே. 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகோயிலருகே படம் எழுதி விற்ற சித்திரக்காரர்கள், போண்ட்டியின்முன் அமர்ந்து மீன் அரியும் ஸ்திரீயையும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கருவியின்முன் வெங்காயம் எல்லா வீடுகளிலும் வந்து சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. மனுஸ்மிருதி அதை இருபிறப்பாளருக்கு விலக்கியது. 7-ஆம் நூற்றாண்டில் பாரத தேசத்தைச் சுற்றிப் பார்த்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், வெங்காயமும் பூண்டும் உண்போர் இங்கே சொற்பம் என்று எழுதி வைத்தார். ஆசாரக் குடும்பங்களில் அந்த விலக்கு வெகு காலம் நீடித்தது. மற்ற வீடுகளில் புழங்கிய சின்ன வெங்காயமோ அரிகிறவருக்கு அதிகச் சிரமம் தராதது. தோலை உரித்து முழுசாகவே சாம்பாரிலோ வத்தக்குழம்பிலோ போட்டுவிடலாம். சம அளவு என்ற பிரச்சினையைக் கொண்டு வந்தது பெரிய வெங்காயம். 1953 வரையில் சென்னையோடு சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லாவின் பெயராலேயே அதை இன்றும் அநேகர் கேட்டு வாங்குகிறார்கள்.

கைதேர்ந்த ஓர் அம்மாள் பல்லாரியை அரியும் லாகவத்தை அருகிலிருந்து கவனித்தால் அதில் உள்ள சாஸ்திரம் விளங்கும். தலைப்பக்கத்தை மட்டும் சீவித் தோலை உரிப்பாள், வேர்ப்பக்கத்தைத் தொடமாட்டாள். வேரோடு சேர்த்து நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வேர் உள்ளங்கைப் பக்கம் வரும்படி பிடித்து, தலையிலிருந்து வேரை நோக்கி அலகில் வரிசையாகக் கீறுவாள். ஒவ்வொரு கீறலும் நடுவைப் பார்த்துச் சற்றே சாய்ந்து போகும், ஆனால் வேரை எட்டுமுன் நின்றுவிடும். பிறகு அந்தப் பாதியைக் குறுக்கே திருப்பி அரியத் தொடங்கினால் ஒரே அளவான துண்டுகள் தாம்பாளத்தில் பொலபொலவென்று உதிரும். நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என இரண்டே வெட்டுகள். மூன்றாவது வெட்டை வெங்காயம் தன் மடல்களாலேயே செய்து வைத்திருக்கிறது. மடல்கள் யாவும் வேர்த்தட்டில் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், அதை முதலிலேயே அறுத்தெறிந்தவர் கையில் அவை வழுக்கிச் சிதறும், துண்டும் அளவு கெடும்.

கண்ணீரின் சங்கதியும் இங்கேயே இருக்கிறது. அரியும்போது எழுந்து கண்ணை எரிக்கும் வாயுவை உண்டாக்கும் நொதி எதுவென்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 2002-ஆம் ஆண்டில் கண்டு வெளியிட்டார்கள். மழுங்கிய அலகு உயிரணுக்களை அதிகமாக நசுக்குவதால் அந்த வாயுவும் அதிகம் கிளம்பும். தெருவில் சாணை பிடிப்பவர் குரல் கேட்டதும் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிய இல்லத்தரசிகள், நொதியின் பெயர் அறியாவிடினும், அதன் பரிகாரத்தை நன்றாக அறிந்திருந்தார்கள்.

உப்புமாவுக்குப் பொடியாகவும், பக்கோடாவுக்கு நீளவாக்கிலும், பஜ்ஜிக்கு வட்டமாகவும் அரிவது என்ற நிர்ணயங்கள் வாய்மொழியாகவே வழங்கி வந்தன. 1951-இல் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்து புதுக்குடித்தனம் போகும் பெண்களுக்குத் துணையான பின்னரும், அலகின்மேல் விரல் எவ்வளவு நகர வேண்டும் என்பதை மாமியாரோ தாயாரோ பக்கத்தில் அமர்ந்துதான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. விவாகத்துக்கு முதல்நாள் இரவு அண்டை அயலார் ஆளுக்கொரு அரிவாள்மணையுடன் வந்து காய் நறுக்கும் சம்பிரதாயமே அதற்குப் பெரிய பாடசாலை. தவசிப்பிள்ளை கேட்ட அளவில் கூடை கூடையாய் அரிந்து பழகிய பெண்ணுக்கு அப்புறம் எந்தச் சமையலும் மலைப்பாகத் தோன்றாது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது கத்தி அன்று, அடுப்பே. 1955-இல் பம்பாயில் விற்பனைக்கு வந்த சமையல் எரிவாயு, 1965-இல் கல்கத்தாவில் தொடங்கிய இண்டேன் மூலமாக மெல்ல மெல்லப் பரவியபோது அடுப்பு மேடையேறிற்று. அடுப்போடு சமைப்பவரும் எழுந்து நின்றார். நின்றவருக்குத் தரையிலுள்ள மணை எட்டாத பொருளாகி, பலகையும் கத்தியும் அதன் ஸ்தானத்தைப் பிடித்தன. முழங்கால் வலிக்கிறவர்களுக்கு இது பேருபகாரமே. அரியும் முறைக்கும் இதனால் நஷ்டமில்லை. பலகையில் வெங்காயத்தைக் கவிழ்த்து வைத்து, வேரை விட்டுவிட்டு நெடுக்கிலும் பின்பு குறுக்கிலும் நறுக்கும் வெள்ளைக்காரச் சமையற்காரரும் நம் அம்மாளும் ஒரே விதியைத்தான் அனுஷ்டிக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் சுழன்று வெட்டும் பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. வேர் எது, மடல் எது என்று பாராமல் அது அடித்துத் தள்ளுவதில் பாதி கூழாகவும் பாதி கட்டியாகவும் வருகிறது. அரைக்கப் போகிற மசாலாவுக்கு அது போதும், தயிர்ப்பச்சடிக்குப் போதாது.